உருண்டோடும் வெங்காயம்

இடது கை வாதத்தில் விழுந்த பிறகு, வெங்காயம் நறுக்கக்கூட மருமகளைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு செசிலிக்கு அலுத்துவிட்டது. ஒரு கையால் நறுக்க ஏதாவது கிடைக்குமா என்று தேடி வந்தவளுக்கு, பாத்திரக் கடைக்காரர் ஒவ்வொரு கத்தியாக விளக்கினார். பல் வைத்தது தக்காளிக்கு. அழுத்தாமல் இழுத்தால் தோல் நசுங்காது. அகலமானது கீரைக்கு. ஒற்றைக் கையால் எந்தக் கத்தியை வைத்து அழுத்தினாலும், அவள் பையில் கொண்டுவந்திருந்த வெங்காயம் உருண்டு ஓடியது.

கடைசியில் அரிவாள்மனையை இறக்கினார். “இதுல கத்தி நகராதுக்கா. கால் மிதிச்சுக்கிடும், ஒரு கையால காயைத் தள்ளுனாப் போதும். தரையில உக்காருவீங்களா?”

“உக்காந்துருவேன் தம்பி. எந்திரிக்கத்தான் ரெண்டு கையும் வேணும்.”

அவர் அதைத் திரும்ப மாட்டப் போனார்.

“மாட்டாதீங்க. முதல்ல நறுக்கிருவோம். எந்திரிக்கிறதை அப்புறம் பாப்போம்.”