திலகாவின் வெளிச்சம்

கோலா சாவா எஸ்டேட்டிலிருந்து பஸ் பிடித்து வந்த நாகப்பன், ஆய்வுக்கூட வாசலில் மகளின் ஆராய்ச்சித் தோழி மஹ்ஜபீனைப் பார்த்ததும் வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

“திலகா நல்லா இருக்காளாம்மா?”

“நல்லா இருக்கா அங்கிள். காலையிலதான் சாப்பாடு கொடுத்தேன்.”

“உள்ள ஏர்கோன் ஜாஸ்திலா. அவளுக்குக் குளிர் ஆகாது.”

“அவ இருக்கற இடம் வெதுவெதுப்பாதான் இருக்கும். வாங்க, இன்னிக்கு உள்ள வந்தே பார்க்கலாம்.”

நாகப்பன் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். வீட்டில் இருந்தபோது திலகா விடிய விடியப் படிப்பாள். “லைட்ட அணைச்சிட்டுப் படு” என்று கத்தியே அவருக்குத் தொண்டை கட்டிவிடும். அப்படிப் படித்துத்தான், உயிருள்ள செல்லுக்குள் புகுந்து அதை ஒளிரவைக்கும் பாலிமர் நுண்துகளை உருவாக்கினாள்.

மஹ்ஜபீன் அறை விளக்கை அணைத்துவிட்டு, நுண்ணோக்கியின் திரையைக் காட்டினாள். இருட்டில் பச்சைப் பச்சையாய்ப் புள்ளிகள் மினுங்கின.

“அவ செஞ்ச துகள்தான் அங்கிள். இன்னிக்குத்தான் செல்லுக்குள்ள போயிருக்கு.”

“இதுல திலகா எது?”

“எல்லாமே அவதான்.”

போன வருஷம் அவளைக் கொண்டுபோன புற்றுநோய்க் கட்டியிலிருந்து எடுத்து வளர்த்த செல்கள் அவை. ஆராய்ச்சிக்கு வைத்துக்கொள்ளச் சொல்லி அவளே கொடுத்துவிட்டுப் போனாள். அவள் உடம்பில் இன்னும் உயிரோடு இருப்பது அவ்வளவுதான்.

“ரொம்ப நேரம் நுண்ணோக்கி லைட் பட்டா செல் தாங்காது அங்கிள். அணைச்சிடவா?”

நாகப்பன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“லைட்ட அணைக்காதம்மா,” என்றார். “இன்னும் கொஞ்ச நேரம் முழிச்சிருக்கட்டும்.”