நல்ல பழக்கம்

“விரதக் களையிலையும் உந்த நாய்க்குட்டியோடை ஏனப்பா மல்லுக்கட்டுறியள்?” என்றாள் பூரணம்.

கந்தசஷ்டி முடிவதற்குள் ஜிம்மியைத் திருத்தியே தீருவதென்று கங்கணம் கட்டியிருந்தார் அவள் கணவர் கதிரவேலு.

“பாரும், இனி ஒண்டையும் கடிச்சுக் குதறாது. மணந்து பார்த்து, உரிய ஆளிட்டையே கொண்டுபோய்க் குடுக்கும்.”

சொன்னபடியே பூரணத்தின் செருப்பு பூரணத்திடம் வந்தது. மகள் ஆரணியின் செருப்பு ஆரணியிடம் போனது.

“கெட்டிக்காரன்தான்!” பூரணமே ஒப்புக்கொண்டாள்.

பாராட்டில் குளிர்ந்த ஜிம்மி கிணற்றடிக்கு ஓடி, வாழைக்குள் கிடந்த கடதாசிப் பையைக் கவ்வி வந்தது. அதற்குள்ளிருந்து பாதி கடித்த மட்டன் ரோல் எட்டிப் பார்த்தது.

“ஐயோ, எல்லாரும் விரதம் பிடிக்கிற வீட்டிலை இது ஆரின்ரை?”

ஜிம்மி பூரணத்தை முகர்ந்தது. ஆரணியை முகர்ந்தது. பிறகு வாலை ஆட்டிக்கொண்டே போய், கதிரவேலுவின் மடியில் அதைப் பக்குவமாக வைத்தது.