அடியில்லாத கூடை

கூடை முடையும் அஞ்சலையை ஒரு கலைக்கூடத்துக்கு அழைத்திருந்தார்கள். பறைக்காரர் அடிக்க, நடனக்காரி தாரிணி நின்ற இடத்திலேயே ஆட, அவளைச் சுற்றி அடியில்லாத ஒரு மூங்கில் கூடையை அஞ்சலை முடைய வேண்டும். இடுப்பு உயரத்தில் நிறுத்திவிடுவதாகப் பேச்சு. பறை அதிர்ந்ததும் அஞ்சலை முதல் மூங்கில் சிம்பை எடுத்து வளைத்தாள். சந்தையில் அவள் கூடையைத் தட்டிப் பார்ப்பார்கள். அவள் கையை இத்தனை பேர் பார்த்ததில்லை. நாலைந்து சுற்று ஓடியதும் கூச்சம் போய், பறையின் வேகம் விரல்களில் ஏறிக்கொண்டது. இடுப்பு வந்தது. விரல்கள் நிற்கவில்லை.

“அக்கா, இதோட நிறுத்தணும்,” என்று தாரிணி மூச்சிரைக்கக் கிசுகிசுத்தாள்.

“நிறுத்துனா நீயும் ஆட்டத்த நிறுத்திருவியே தாயி!”

தாரிணி சிரித்துவிட்டாள். கைகளைத் தலைக்கு மேல் தூக்கி வழிவிட்டாள். கூடை மார்பைத் தாண்டித் தோளில் வந்து குறுகியது. பார்த்துக்கொண்டிருந்தவர்கள் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்கள். பறை ஓய்ந்தபோது அவளுடைய முகமும் கைகளும் பாதங்களும் மட்டுமே வெளியே தெரிந்தன. ஏற்பாட்டாளர் பெரிய கத்தரியோடு ஓடி வந்தார்.

“வெட்டி எடுத்துடலாமா மேடம்?”

“தொடாதீங்க சார்!” என்ற தாரிணி, கூடையைத் தோளில் தாங்கியபடி வாசலை நோக்கி நடந்தாள்.

“சிம்பு இன்னும் மிச்சம் இருக்கு, மெதுவாப் போடி!” என்று கத்திக்கொண்டே அஞ்சலை பின்னால் ஓடினாள். ஓட ஓட முடைந்தாள். பறைக்காரர் ஒரு கணம் திகைத்து, பிறகு ஓங்கி அடித்தபடி அவரும் படியிறங்கினார். வெளியே நடுப்பகல் வெயில். முதல் ஆட்டோ பிரேக் போட்டது.