வசந்தப் போட்டியில் பச்சைக் குல்லா

டிவியில் வந்த பச்சை மங்கி குல்லாவைப் பார்த்ததும் ரங்கநாதன் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். அது அவருடைய குல்லா. கடையில் விற்கிற எதுவும் ஏறாத பெரிய மண்டை அவருக்கு; அளவு கொடுத்துப் பின்னச் சொல்லி வாங்கியது.

மல்லேஸ்வரத்தில் அவர்கள் தெருப் பூங்காச் சங்கம் நடத்தும் வசந்தகால ஃபோட்டோ போட்டி அது. சங்கத் தலைவரும் அவரே, நடுவரும் அவரே. ஜானகி அனுப்பியிருந்த படத்தில் டபேபுயா மரம் இலையே தெரியாமல் ரோஸ் நிறத்தில் பூத்துக் கொட்டியது. மரம் என்னவோ ஜோர்தான். ஆனால் பின்னால், இடுப்பளவு செடி வேலிக்கு அந்தப் பக்கம், குல்லா போட்ட ஓர் உருவம் கொக்கிக் கம்பால் செம்பருத்திக் கிளையை வளைத்துக்கொண்டிருந்தது.

"அடுத்தத போடுப்பா" என்றார் ரங்கநாதன், டிவியோடு இணைத்த லாப்டாப்பின் முன்னால் உட்கார்ந்திருந்த ஃபிராங்க்ளினிடம்.

அடுத்தது அப்பாதுரையின் குருவி. குருவிக்குப் பின்னால் குல்லா. அதற்கடுத்தது ஃபிராங்க்ளினே எடுத்த பனித்துளி. துளிக்குப் பின்னாலும் குல்லா, கையில் பை நிறையப் பூவோடு. விடிகாலையில் வசந்தத்தைப் பிடிக்கப் போனவர்கள் பூத்திருடனை அல்லவா பிடித்து வந்திருக்கிறார்கள்!

சும்மா விடுமா கூட்டம்? 'பூப் பறிக்காதீர்' என்று கன்னடத்திலும் இங்கிலீஷிலும் போர்டு மாட்டியவர் ரங்கநாதன். பிடிபடுகிற ஆளின் படத்தைப் பூங்கா கேட்டிலேயே தொங்கவிடுவோம் என்று போன வாரம் மைக் பிடித்து முழங்கியவரும் அவர்தான். அப்படி முழங்கச் சொல்லி யார் அழுதார்கள்?

"எப்படி மூக்கு வரைக்கும் இழுத்து விட்டிருக்கான் பாருங்க, மூஞ்சி தெரியக் கூடாதுன்னு!" என்றார் ஜானகி. "இந்தக் குல்லாவ நான் எங்கயோ பாத்திருக்கேனே..."

"இருங்க மேடம். ஜூம் பண்ணா வாயி, தாடையெல்லாம் தெரிஞ்சிடும். அது போதும், ஆளக் கண்டுபிடிச்சிடலாம்."

ஃபிராங்க்ளின் விரலை நகர்த்தினான். திரையில் குல்லா பெரிதாகிக்கொண்டே வந்தது. குல்லாவுக்குக் கீழே முகம் தெளியப் போகிற நேரம்.

"பேடா! பேடப்பா, வேண்டாம், நிறுத்து!" ரங்கநாதன் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்தது. "நான்தான். அது என் குல்லாதான்."

அப்பாதுரைதான் முதலில் வாயைத் திறந்தார்.

"போர்டு வச்ச மனுஷனே பறிச்சீங்களா? வெக்கமா இல்ல சார்?"

"இருக்கு" என்றார் ரங்கநாதன். உண்மையாகவே இருந்தது.

காபி ஆறுவதற்குள் தலைவர் பதவி ஜானகிக்குப் போயிற்று. பனித்துளிக்கு முதல் பரிசு கிடைத்தது. திங்கட்கிழமை ரங்கநாதனின் படத்தைக் கேட்டில் மாட்டுவதென்று கைதட்டி முடிவெடுத்தார்கள். ஒருத்தர்கூட அவர் முகத்தைப் பார்த்துப் போய்வருகிறேன் என்று சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து செருப்பை உதறிவிட்டு சோபாவில் விழுந்தார். மனைவி மரகதம் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"என்ன, மூஞ்சி இப்படிச் செத்துக் கெடக்கு?"

"பதவி போச்சு, மானம் போச்சு. திங்கக்கெழமையிலேருந்து பார்க் கேட்டுல தொங்கப் போறேன். போதுமா?"

மரகதம் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்குக் கண்கூடக் கலங்கிவிட்டது. பிறகு எழுந்து போய், ஆணியில் தொங்கிய பச்சைக் குல்லாவை எடுத்து வந்து அவர் மடியில் போட்டாள்.

"எனக்கு இது கண்ண மறைக்குது, சின்னதா ஒண்ணு வாங்கித் தாங்க."