மூணும் பொண்ணுதான்

டாக்டரின் அறையில் ஆறு பேர் இருந்தார்கள். டாக்டரம்மா, அந்த வாரம்தான் வேலைக்குச் சேர்ந்த நர்ஸ், மாமனார், மாமியார், மகன், மருமகள். குடும்பத்தார் நால்வரும் வீட்டைப் பூட்டி, சாவியை மாமியாரின் கைப்பையில் போட்டுக்கொண்டு ஒன்றாகவே வந்திருந்தார்கள்.

மாமியார் நாற்காலியில் முதுகு சாயாமல் உட்கார்ந்திருந்தார். பேச்சும் அவருடையதுதான்.

"இன்னொண்ணு வேணும் டாக்டர். அதுக்கு என்ன வழின்னு சொல்லுங்க."

"வழி இல்லம்மா. மூணு தடவையும் ஒரே இடத்துலதான் அறுத்திருக்கு. கடைசியா பண்ணினது நான்தானே? உள்ள தழும்பு காகிதம் மாதிரி இருந்துச்சு. குடலெல்லாம் ஒட்டிக் கிடந்துச்சு. நாலாவது தங்கினா, மாசம் நிறையறதுக்குள்ள கர்ப்பப்பை கிழிஞ்சிடலாம்."

"ரெண்டு வருஷம் பொறுத்தா ஆறாதா?"

"மேல ஆறும். உள்ள மெலிஞ்சது மெலிஞ்சதுதான்."

"பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனா?"

"அங்கயும் இதே வயித்தைத்தான்மா திறக்கணும்."

மகன் தன் செருப்பைப் பார்த்தான். மாமனார் தொண்டையைச் செருமினார். மருமகள் மட்டும் டாக்டரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள், இன்னும் ஏதோ மிச்சம் வைத்திருப்பார் என்பது போல.

பிரசவ அறையிலிருந்து அழைப்பு வந்தது. டாக்டர் மருமகளின் தோளைத் தொட்டுவிட்டு எழுந்து போனார்.

ரத்த அழுத்தம் பார்க்கக் கட்டிய பட்டையை மருமகள் கையிலிருந்து கழற்றிக்கொண்டே நர்ஸ் கேட்டாள். "மூணும் என்ன குழந்தைங்க?"

"மூணும் பொண்ணுதான்," என்றார் மாமியார்.

"அதானே பார்த்தேன்! யார்கிட்ட விட்டுட்டு வந்தீங்க?"

மாமியார் காதில் விழாதவர் போல் எழுந்து நடந்தார். அந்தக் குடும்பத்தில் யாரும் வெளியாள் முன்னால் கண் கலங்குவதில்லை. பழி வந்தால் அதை வாங்கிக்கொள்ள மாமியாரின் தலை இருந்தது.

அவர்கள் வாசலை எட்டுவதற்குள், மருந்து கொடுப்பவரிடம் நர்ஸ் சொல்வது நடை முழுக்கக் கேட்டது.

"அந்தம்மாவுக்கு ஆம்பளப் பிள்ளை வேணுமாம். மருமக உசுரு போனா போகட்டுமாம்! மூணு பொண்ணுங்களும் தாயில்லாம நின்னா யாரு பாக்கிறது? மாமியாரா அது, ராட்சசி!"

மகன் திரும்பினான். மாமியார் அவனைப் பார்வையாலேயே நிறுத்தினார். "நடங்க எல்லாரும். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது."

மருமகள் நடக்கவில்லை. தன்னைப் பிடித்திருந்த மாமியாரின் கையை மெல்ல விலக்கிவிட்டு நர்ஸிடம் போனாள். அவள் குரல் உயரவில்லை.

"எங்க அத்தையை ஒண்ணும் சொல்லாதீங்க. இன்னொண்ணு வேணும்னது நான்தான். எனக்கு வாய் வரலன்னு அவங்க கேட்டாங்க."

நர்ஸ் விடவில்லை. "நல்லா இருக்கே! வீட்டுல மூணு இருக்கும்போது உங்களுக்கு எதுக்கும்மா இந்த ஆசை?"

"மூணுல ஒண்ணுகூட வீடு வந்து சேரல, சிஸ்டர்."