இருபத்தெட்டு பவுண்டு

மாசாய் ஊரின் விளையாட்டுப் பொருள் கடையில், மட்டைக்கு நரம்பு கட்டும் இயந்திரத்தின் மேல் மாலை வெயில் விழுகிறது. லோகேஸ்வரனுக்குத் தோளில் அறுவை சிகிச்சை முடிந்து ஆறு மாதமாகிறது. அவர் தன் பழைய பூப்பந்து மட்டையை நீட்டுகிறார். “நரம்ப இருபத்தெட்டு பவுண்டு இறுக்கத்துல போடுங்க. நானும் இவளும் ஜோடியா கப் எடுத்த டென்ஷன் லா.” “அப்ப உங்களுக்குத் தலையில முடியும் இருந்துச்சு,” என்கிறாள் மனைவி சந்திரமதி. “இந்த மெஷின்ல கிலோதான் அங்கிள்,” என்கிறார் கடைக்காரர். கணவரின் முதுகுக்குப் பின்னாலிருந்து சந்திரமதி கடைக்காரருக்குப் பத்து விரல்களையும் விரித்துக் காட்டுகிறாள். பத்து கிலோ என்றால் இருபத்திரண்டு பவுண்டுதான். அதற்கு மேல் இறுக்கினால் அந்தத் தோள் தாங்காது. கட்டி முடித்த மட்டையை லோகேஸ்வரன் உள்ளங்கையில் தட்டிக் காதருகே வைக்கிறார். பழைய கணீர் ஓசை இல்லை. மறுபடியும் தட்டுகிறார். சந்திரமதி மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். “அதே சத்தம்தான்,” என்கிறார் லோகேஸ்வரன் அவளிடம். “நாளைக்கு ஆட்டத்துல ஸ்மாஷ் மட்டும் நீ அடி.”