இன்னும் ஒரு சந்தேகம்

"பயப்படாதீங்க மேடம், கம்ப்யூட்டர் கடிக்காது!" என்று சிரித்தார் அவர்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. மவுஸைப் பிடித்திருந்த கை வழுக்கிக்கொண்டே போனது. உள்ளங்கை வியர்வையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டாள்.

இரண்டு நாற்காலி, ஒரு நீளக் கண்ணாடி, தலை அலச ஒரு தொட்டி. அவ்வளவுதான் அவளுடைய பியூட்டி பார்லர். வந்திருந்தவர், கடைக்காரர்களுக்கு இணையத் தேடலில் முன்னுக்கு வரும் வழியைச் சொல்லிக்கொடுப்பவர். கடைத்தெருவில் அவருக்கு 'முதல்பக்கம்' என்றே பேர். அவர் கை வைத்தால் ஈ ஓட்டிக்கொண்டிருக்கும் கடைகூடத் தேடலில் முதல் பக்கத்துக்கு வந்துவிடும் என்று பேசிக்கொள்வார்கள். நேற்று சாயங்காலம் அவள்தான் போன் போட்டு, "நாளைக்குக் காலையிலேயே வரணும் சார், தள்ளிப் போட முடியாது" என்று கெஞ்சியிருந்தாள்.

"நல்லாக் கேட்டுக்கங்க. நீங்க என்ன விக்கிறீங்கங்கறது முக்கியமில்ல. ஜனங்க என்ன வார்த்தை போட்டுத் தேடறாங்கங்கறதுதான் முக்கியம். நீங்க உங்க வெப்சைட்டுல 'அழகுக்கலை மையம்'னு எழுதி வச்சிருக்கீங்க. யாராவது அப்படித் தேடுவாங்களா? 'பக்கத்துல பார்லர்'னுதான் தேடுவாங்க. அந்த வார்த்தை தலைப்புலயே இருக்கணும்."

அவள் நோட்டில் எழுதிக்கொண்டாள். எழுத்து கோழி கிளறியதுபோல் இருந்தது.

"அடுத்தது கடைப்பேரு, விலாசம், போன் நம்பர். எங்கே போட்டாலும் ஒரே மாதிரி இருக்கணும். ஒரு இடத்துல பழைய நம்பர், இன்னொரு இடத்துல புது நம்பர்னு இருந்தா எவனும் நம்பமாட்டான்."

பாடத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பால்வாடிக் குழந்தைக்குச் சொல்வதுபோல் பொறுமையாகச் சொன்னார். கேட்கிறவளின் கண்தான் அடிக்கடி மேஜைமேல் இருந்த போன் பக்கம் போனது.

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்றே முக்கால். "அடிப்படை இவ்வளவுதான் மேடம். மீதியை நாளைக்குப் பார்க்கலாம்" என்று பையைத் தோளில் மாட்டினார்.

அவளுக்குத் திக்கென்றது. "சார்! இன்னும் ஒரு சந்தேகம். போட்டோ... போட்டோ எப்படிப் போடறது?"

அவர் உட்கார்ந்தார். இரவல் படம் ஆகாது, சொந்தக் கடையின் படம்தான் வேண்டும், அதுவும் ஃபைல் அளவு பெரிதாக இருந்தால் பக்கம் திறக்க நேரமாகும், வந்தவர்கள் போய்விடுவார்கள் என்றெல்லாம் விளக்கினார். நடுவில் அவள் தப்பான இடத்தில் அழுத்த, திரை வெறுமையானது.

"அதான் தொடாதீங்கன்னு சொன்னேன்ல!"

மேஜையில் விழுந்த அடியில் லோஷன் பாட்டில்கள் குதித்தன. அவள் சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

மறுநொடியே அவர் முகம் மலர்ந்துவிட்டது. "ஸாரி மேடம். வேலைன்னு வந்துட்டா நான் இப்படித்தான்."

"பரவாயில்ல சார்" என்றாள்.

மணி பன்னிரண்டரை. அவர் வீட்டுக்கு போன் போட்டார். அடித்து ஓய்ந்தது. மறுபடியும் போட்டார். விரல்கள் மேஜையில் தாளம் போட ஆரம்பித்தன.

"எடுக்கலையே. ஒரு எட்டுப் போய்ப் பாத்துட்டு வந்துடறேன்."

அவர் கதவுக்குப் பக்கத்திலேயே போய்விட்டார். கண்ணாடியில் தெரிந்த தன் முகத்தில் ரத்தமே இல்லாததை அவள் பார்த்தாள்.

"சார், முக்கியமானதைக் கேட்கவே இல்ல! எவளோ ஒருத்தி ஒரே ஒரு ஸ்டார் குடுத்து, என்னைக் கண்டபடி திட்டி எழுதியிருக்கா. அதைப் படிச்சதுலேர்ந்து எனக்குத் தூக்கமே இல்ல. கடையை மூட வேண்டியதாயிடுமோன்னு பயமா இருக்கு சார்."

கண்ணீர் நிஜமாகவே வந்துவிட்டது. அவர் இரக்கத்தோடு திரும்பி வந்தார்.

"இதுக்குப் போய் அழலாமா? கோபமா மட்டும் பதில் எழுதிடாதீங்க. பத்து வரைக்கும் எண்ணுங்க. தப்பு நம்ம பேர்ல இருந்தா மன்னிப்புக் கேளுங்க. மத்தவங்க அந்தத் திட்டைப் பாக்கறதில்ல மேடம், நீங்க எப்படி நடந்துக்கிட்டீங்கன்னுதான் பாப்பாங்க."

"சரி சார்."

"எல்லாப் பக்கத்தையும் காட்டுங்க, ஒரு பார்வை பார்த்துடறேன்." ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டு வந்தவர் ஓரிடத்தில் நின்றார். "இது என்ன? 'முகத்தில் காயம், கன்றிப்போன தடம் வெளியே தெரியாமல் மறைக்க'... இதை யார் தேடப் போறாங்க? மாசத்துக்கு ஒருத்தி தேடினா பெரிசு. தூக்கிடுங்க இதை."

மேஜைமேல் இருந்த அவளுடைய போன் ஒளிர்ந்தது. அவர் கண் அதன்மேல் போவதற்குள் பாய்ந்து எடுத்தாள்.

"யாரு, கஸ்டமரா?"

"ஆமா சார். நேத்து... அந்தப் பக்கத்தைப் பார்த்துட்டு வந்தவங்க."

திரை அவருக்குத் தெரியாதபடி திரும்பி நின்று செய்தியைப் படித்தாள்.

'அக்கா, நானும் பாப்பாவும் ரயில் ஏறிட்டோம், வண்டியும் கிளம்பிடுச்சு. இனிமே நீங்க என் வீட்டுக்காரரை வீட்டுக்கு அனுப்பலாம்.'